கேட்பதில் என்ன கஞ்சத்தனம்?

பழைய கருவிகள் விற்கும் இணையச் சந்தையில் விலைகள் வானத்தில் பறக்கின்றன. கருவிகளோ வீட்டு மூலையில் துருப்பிடிக்கின்றன.

மிதிபலகை ஒடிந்து, தங்கநிறப் பூவேலை பாதி உதிர்ந்துபோன ஒரு சிங்கர் தையல் இயந்திரம். விலை ரூ. 45 லட்சம். இரண்டு விளம்பரங்கள் தள்ளி, ஆறடி நீள லேத் ஒன்று. விலை 1 ரூபாய். அதற்கும் கீழே, சுவரில் துளை போடும் டிரில்லிங் மெஷின், ரூ. 12,345. 'ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தியது' என்கிறது குறிப்பு. புகைப்படத்தில் அதன் ஒயர் மூன்று இடங்களில் கறுப்பு டேப் சுற்றிக் கிடக்கிறது. விலையில் பைசா குறையாது என்ற கண்டிப்பு வேறு. ஏறத்தாழ இதே போன்ற மெஷின் கடையில் புதிதாக, உத்தரவாத அட்டையோடு, மூவாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது.

2006-ல் தோன்றிய ஓஎல்எக்ஸ், 2008-ல் வந்த குவிக்கர், பின்னால் சேர்ந்துகொண்ட ஃபேஸ்புக் சந்தை எல்லாம் இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தன: பரணில் கிடப்பது பணம். அதற்கு முன் தாத்தாவின் இழைப்புளியும் அப்பாவின் ஸ்பேனர்களும் போன இடம் ஒன்றே ஒன்றுதான். தெற்கே காயலான் கடை, வடக்கே கபாடிவாலா. விலையை அவர் சொல்வார், தராசும் அவருடையது. இன்று விற்பவரே விலை சொல்கிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் எந்த விலையைச் சொல்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

விநோத விலைகளில் பாதி வெறும் சோம்பேறித்தனம். விளம்பரப் படிவத்தில் விலைக்கான கட்டத்தைக் காலியாக விட முடியாது. எனவே 1 என்றோ 11,111 என்றோ எதையாவது தட்டிவிட்டு, "விவரத்துக்குப் போன் செய்யவும்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ரூபாய்க்கு இன்னொரு உபயோகமும் உண்டு. விலை குறைந்தது முதலில் வரட்டும் என்று தேடுபவரின் கண்ணில் லேத் முதல் ஆளாய் வந்து நிற்கும். ஒரு பூஜ்யம் கூடிப்போன விளம்பரங்கள் தனி ரகம். விற்கவே மனமில்லாதவர்கள் இன்னொரு ரகம். 'அந்தக் குப்பையை விற்றுத் தொலையுங்கள்' என்ற வீட்டு உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகவும் ஆயிற்று, கருவி கைவிட்டுப் போகாமலும் ஆயிற்று!

சிங்கர் கதை வேறு. 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் இயந்திரங்களின் ஊசியில் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதாம், அதற்குப் பல கோடி மதிப்பாம். ஊசியருகே செல்போனைக் கொண்டுபோய், தொடர்பு அறுகிறதா என்று சோதித்தார்கள். இரண்டு லட்சம் ரியால் வரை, அன்றைய கணக்கில் சுமார் 25 லட்சம் ரூபாய், விலை ஏறியது. சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. தையல் இயந்திரத்தில் அதற்கு வேலையும் கிடையாது. ஆனால் வதந்தியின் வாடை நம் ஊர் விளம்பரங்களில் இன்னும் அடிக்கிறது. 'நூறு வருடப் பழசு' என்பதுதான் வழக்கமான வாதம். ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் நகரிலிருந்த சிங்கர் தொழிற்சாலை 1913-ல் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்களை வெளியே அனுப்பியது. பழசு வேறு, அபூர்வம் வேறு.

உண்மையிலேயே அபூர்வமானவையும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஸ்டான்லி கம்பெனியின் 'நம்பர் 1' இழைப்புளி உள்ளங்கையில் அடங்கிவிடும். சேகரிப்பாளர்கள் அதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் தருகிறார்கள். அதே கம்பெனியின் 'நம்பர் 4' உலகம் முழுக்கத் தச்சர்களிடம் இருக்கும் சாதாரண இழைப்புளி. ஒன்றின் விலையைப் படித்துவிட்டு மற்றதற்கு விலை வைப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் கோளாறின் வேர் பேராசை அல்ல என்றே தோன்றுகிறது. மும்பை சோர் பஜாரிலோ தில்லியின் பழைய இரும்புச் சந்தையிலோ, கேட்கும் விலை என்பது பேச்சின் முதல் வாக்கியம்தான். பக்கத்துக் கடையில் ஒரு வைஸ் எவ்வளவுக்குக் கைமாறியது என்பது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இணையத்தில் அந்த முதல் வாக்கியம் மட்டுமே இருக்கிறது. நியாயமான விலை வைத்தவரின் பொருள் இரண்டு நாளில் விற்று, விளம்பரமும் மறைந்துவிடுகிறது. அநியாய விலை மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. புதிதாக விற்க வருபவர் 'மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள்' என்று பார்க்கிறார். அவர் கண்ணில் படுபவை அநேகமாக விற்காத பொருட்களின் விலைகள். அதையே தானும் வைக்கிறார். தோற்றவர்களைப் பார்த்துத் தோற்கக் கற்றுக்கொள்ளும் விந்தையான பள்ளிக்கூடம் இது.

ஈபே தளத்தில் இதற்கு மருந்து உண்டு. விற்றுமுடிந்த பொருட்கள் எந்த விலைக்குப் போயின என்பதை அங்கே தனியாகப் பார்க்கலாம். ஆனால் அதன் இந்தியக் கடை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் பேசுவார்களே, அப்படித்தான் இன்றும் உண்மை விலை இருவருக்குள் முடிந்துபோகிறது. ஊர் பார்ப்பது துண்டை மட்டும்.

பொருளாதார அறிஞர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்து, மற்றவர்களிடம் விற்கச் சொன்னார்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்கள்தான். அதற்குள் விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. சில நிமிடக் கோப்பைக்கே இப்படி என்றால், முப்பது வருடம் சோறு போட்ட கருவிக்கு?

தில்லியை ஒட்டிய ஃபரீதாபாத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலைகள் மூடப்பட்ட காலத்தில், தன் செட்டில்மென்ட் பணத்தில் பழைய எச்.எம்.டி. லேத் ஒன்றை வாங்கி வீட்டு முன்புறத்தில் பட்டறை போட்டவர். அலமாரியில் ஷெஃபீல்டில் வார்த்த ரெக்கார்டு வைஸ், ஜப்பான் மைக்ரோமீட்டர்கள், தானே தீட்டிய உளிகள். கண் பார்வை மங்கியதும் பட்டறை நின்றது. மகன் தளத்தில் தேடினான். ஒருவர் நான்கரை லட்சம் கேட்டிருந்தார், இன்னொருவர் ஐந்து. இவன் நாலே முக்கால் என்று போட்டான்.

முதல் மாதத்தில் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு முடித்த ஒரு பையன் வந்தான். சொந்தப் பட்டறை வைக்கும் கனவு. லேத்தை ஓட்டிப் பார்த்தான், பெட்டின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்தான், ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னான். மகனுக்கு அது அவமானமாகப்பட்டது. கிழவர் மட்டும் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கியர் மாற்றும்போது கேட்கும் சத்தத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பஞ்சாபில் படாலா பட்டறைகளில் வார்க்கும் சிறிய ரக லேத் ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குப் புதிதாகவே கிடைக்கும். எச்.எம்.டி.யின் துல்லியம் அதில் வராது என்பது பையனுக்கும் தெரியும். ஆனால் அவனிடமிருந்த பணம் அவ்வளவுதான். படாலாவுக்கே போய்விட்டான்.

அதன் பிறகு வந்தவர்களில் ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். பேரமே பேசவில்லை. லேத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றார். ராணுவ வீரர் வேஷம் போடும் இந்த மோசடி பற்றிப் பல மாநிலப் போலீசார் எச்சரித்திருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, எண்ணைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும். மகன் நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு மாணவியிடம் கேட்டான், தப்பித்தான். கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் திருடன்தான் என்பதை நினைத்து அவனுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. எண்ணெய் துடைக்க ஆளில்லாத லேத்தின் பெட்டில் துரு படர்ந்தது. விலை மூன்றரையாகி, இரண்டரையாகி, 'பேசித் தீர்க்கலாம்' ஆகியது. துருவைப் பார்த்தவர்கள் பேசாமலே திரும்பினார்கள். கடைசியாகக் கபாடிவாலாவை அழைத்தார்கள். வார்ப்பிரும்பு கிலோ 35 ரூபாய். ஒன்றரை டன்னுக்கு ரூ. 52,500. கிரேன் வாடகை விற்பவர் தலையில்.

லேத் வண்டியேறிய அன்று கிழவர் வெளியே வரவில்லை. வைஸையும் மைக்ரோமீட்டர்களையும் மட்டும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். படாலாவுக்குப் போன பையனின் போன் நம்பர் மகனிடம் இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கிறாராம். விளம்பரத்தை எடுக்க மகன் மறந்துவிட்டான். லேத் போன பிறகும் அது தளத்தில் நின்றது, ரூ. 2,50,000 என்ற விலையோடு. அதைப் பார்த்துவிட்டு காசியாபாத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். வாங்க அல்ல. தன்னிடமும் அதே மாடல் இருக்கிறது, எவ்வளவு போடலாம் என்று கேட்க.