பெயரும் உடைமையும்

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் எடுத்தாளலாம். பெயரோ வணிகக்குறிச் சட்டத்தின்வழித் தனியுடைமையாகின்றது. 2010இல் சன் நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கியபோது 'ஓப்பின்ஒப்பிஸ்' என்னும் பெயரும் கைமாறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் அதன் ஆக்குநர் பலர் பிரிந்தனர். நிரலைக் கொண்டுசெல்ல முடிந்தது. பெயரைக் கொண்டுசெல்ல முடியவில்லை. 'லிப்ரேஒப்பிஸ்' என்னும் புதுப்பெயர் இவ்வாறே தோன்றியது. உழைப்பினால் மதிப்புப் பெற்ற பெயர் உழைத்தோருக்கு உரித்தாகவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

2004 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கையில் உருவான 'சஹன' என்னும் மென்பொருள் பிறிதொரு வினாவை எழுப்புகின்றது. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும்; வெள்ளவத்தைத் தமிழரின் செவியிலோ அது ஓர் இராகத்தின் பெயராகவே ஒலிக்கும். பேரலையோ மொழி பார்த்துத் தாக்கவில்லை. எனவே பெயர் சூட்டுமிடத்து நாம் இரண்டினை வினவுதல் வேண்டும்: அப்பெயர் யாருடைய உடைமை? யாருடைய மொழி?