அயல்நாட்டுப் பூங்கிழங்குகளும் தாவரத் தொற்றுத்தடையும்

அயல்நாடு சென்று திரும்புவோர் நினைவுப் பொருளாகக் கொண்டுவருவனவற்றுள் பூங்கிழங்கும் ஒன்று. நெதர்லாந்து நாட்டின் துலிப் வயல்களை இளவேனிற் காலத்தில் கண்டவர்கள், அந்த வனப்பில் ஒரு சிறு பங்கையேனும் தம் வீட்டுத் தொட்டியில் காண விரும்புவது இயல்பே. கடைவீதிகளில் வண்ணப் படம் ஒட்டிய பொட்டலங்களில் துலிப், நார்சிசஸ், லில்லி முதலியவற்றின் கிழங்குகள் விற்கப்பெறுகின்றன. அவை கையடக்கமானவை, உலர்ந்தவை, பல வாரங்கள் கெடாதவை. ஆதலின், பெட்டியின் மூலையில் துணிகளுக்கிடையே வைத்துக் கொண்டுவருவதில் தீங்கு யாதும் இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் தவறானது. பூங்கிழங்கு ஓர் உலர்ந்த பண்டம் அன்று. அது உறங்கும் உயிர். அதனுள் வேறு பல உயிர்களும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். கிழங்கு விழிக்கும்போது அவையும் விழிக்கும்.

கிழங்கின் அமைப்பு

இதனைத் தெளிவாக உணர்வதற்கு ஒரு வெங்காயத்தை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்தல் போதும். அடியில் தட்டுப் போன்ற குறுகிய தண்டுப் பகுதியும், அதிலிருந்து வேர்கள் கிளைக்கும் இடமும் தெரியும். தட்டின் மேல் சதைப்பற்றுள்ள இதழ்கள் ஒன்றையொன்று தழுவி அமைந்துள்ளன. இவை உணவைச் சேமித்து வைத்துள்ள இலைகளேயாகும். நடுவில் அடுத்த பருவத்திற்கான மொட்டு உள்ளது. துலிப், நார்சிசஸ், லில்லி ஆகியவற்றின் கிழங்குகளும் அடிப்படையில் இத்தகைய அமைப்பு உடையனவே. இவற்றைத் தாவர நூலார் குமிழம் என்பர். தோட்டக்காரர் பல்பு என்பர்.

இவ்வமைப்புச் செடிக்கு எவ்வளவு பாதுகாப்பானதோ, அவ்வளவு பாதுகாப்பானது அதனுள் குடிபுகும் பூச்சிக்கும் பூசணத்திற்கும். இதழ்களுக்கிடையே கிழங்குச் சிலந்திகள் தங்குகின்றன. நார்சிசஸ் ஈயின் புழு கிழங்கின் உட்பகுதியைக் குடைந்து உண்கிறது. அடித்தட்டில் ஃபுசேரியம் என்னும் அழுகல் பூசணம் பதுங்குகிறது. இவற்றுட் பல, மேல்தோலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நோயே அழகாகத் தோன்றிய கதை

கண்ணுக்குப் புலப்பட்டும் நோயென்று அறியப்படாத வரலாறும் உண்டு. துலிப் மலர் துருக்கி நாட்டின் வழியே 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவை அடைந்தது. 1593இல் லைடன் பல்கலைக்கழகத்திற்கு வந்த கிளூசியஸ் என்னும் தாவர அறிஞர் அங்கே அதனைப் பயிரிட்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஹாலந்து நாட்டுச் செல்வர்கள் துலிப் கிழங்குகளுக்குப் பெரும்பொருள் கொடுத்தனர். அவற்றுள்ளும் வெண்மை அல்லது மஞ்சள் நிற இதழின்மேல் செந்நிறமும் ஊதாவும் தீச்சுடர்போல் கோடிட்ட மலர்களே மிக உயர்ந்த விலை பெற்றன. 1637ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவ்வாணிகம் திடீரெனச் சரிந்தது பொருளியல் நூல்களில் இன்றும் பேசப்படுகிறது.

ஒரே நிறமுடைய துலிப் திடீரெனக் கோடிட்ட மலரை ஈனுவது ஏன் என்பது முந்நூறு ஆண்டுகளாக விளங்காமலேயே இருந்தது. இங்கிலாந்தில் டாரதி கெய்லி என்னும் ஆய்வாளர், கோடிட்ட மலரைத் தந்த கிழங்கின் திசுவை நலமுள்ள கிழங்கினுள் பொருத்தி, அதுவும் கோடிட்ட மலரையே ஈனுவதைக் கண்டு, இது தொற்றக்கூடியது என்று 1928இல் வெளியிட்டார். இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதும், அதனைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினிப் பூச்சி என்பதும் பின்னர்த் தெளிவாயின. இவ்வைரஸ் இதழின் மேல்நிறம் சீராகப் பரவாதபடி தடுக்கிறது. ஆங்காங்கே அடிநிறம் வெளிப்படுகிறது. அதே வேளையில் கிழங்கு ஆண்டுதோறும் நலிகிறது. பக்கக் கிழங்குகள் குறைகின்றன. ஆகவே, மக்கள் எதனை அரிய அழகென்று பொன் கொடுத்து வாங்கினரோ, அது நோயின் அறிகுறியே; அக்கிழங்கு அரிதாகியதற்கும் அந்நோயே ஒரு காரணம்.

வைரஸ் தொற்றிய கிழங்கைக் கழுவியோ மருந்தில் நனைத்தோ நலப்படுத்த இயலாது. அதிலிருந்து பிரியும் பக்கக் கிழங்குகளும் பெரும்பாலும் நோயுடனேயே பிறக்கின்றன.

உலர்ந்தும் சாகாத நூற்புழு

பூங்கிழங்குகளுடன் பயணம் செய்வனவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது தண்டு நூற்புழு. இதன் அறிவியற் பெயர் டிட்டிலெங்கஸ் டிப்சாசி. கண்ணுக்குத் தெரியாத இப்புழு நார்சிசஸ் கிழங்கினுள் புகுந்தால் இதழ்கள் பழுப்படைகின்றன. அத்தகைய கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையங்கள் காணப்படும். கிழங்கு உலரும்போது இளம்புழுக்கள் திரண்டு, பஞ்சுபோன்ற கற்றையாக உலர்ந்து உறங்குகின்றன. இந்நிலையில் அவை பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். ஈரம் பட்டதும் மீண்டும் இயங்கும்.

பிரிட்டனில் முதல் உலகப் போர்க் காலத்தில் இப்புழுவால் நார்சிசஸ் சாகுபடியே அழியும் நிலை ஏற்பட்டது. விஸ்லி ஆராய்ச்சித் தோட்டத்தில் பணியாற்றிய ராம்ஸ்பாட்டம் என்பவர், கிழங்குகளைச் சுமார் 43 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் 3 மணி நேரம் வைத்திருந்தால் புழு மடியும், கிழங்கு பிழைக்கும் என்று கண்டறிந்தார். வெப்பம் சற்றுக் குறைந்தால் புழு தப்பும். சற்று மிகுந்தால் பூமொட்டு கெடும். எனவே, இது தக்க கருவிகளுடன் செய்யத்தக்க பணியேயன்றி, வீட்டு அடுப்பங்கரையில் செய்யத்தக்கது அன்று.

இப்புழு பூந்தோட்டத்தோடு நிற்பதில்லை. இதில் பல குலங்கள் உண்டு. அவற்றிற்கேற்ற பயிர்களும் வேறுபடும். வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் இதற்கு இரையாகும் பயிர்களே. வெங்காய விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாகிய இந்தியாவில் இதன் புது வரவு விளைவிக்கக்கூடிய கேடு, ஒரு தொட்டிப் பூவின் மகிழ்ச்சியோடு ஒப்பிடத்தக்கது அன்று.

ஒட்டிய மண்ணின் கேடு

கிழங்கு தூயதாக இருப்பினும், அதன் வேரடியில் ஒட்டிய மண் கேடு தரலாம். உருளைக்கிழங்கின் பொன்னிற நூற்புழு இதற்குச் சான்று. இதன் பெண்புழு இறந்தபின் அதன் உடலே கடினமான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. அரை மில்லிமீட்டர் அளவேயான இக்கூடுகள் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்புடன் கிடக்கும். உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் பின்னர்ப் பூங்கிழங்கு பயிரிட்டால், அவற்றில் ஒட்டும் மண்ணுடன் இவையும் செல்லக்கூடும்.

இந்தியாவில் இப்புழுவை 1961இல் உதகமண்டலத்திற்கு அருகே ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் முதன்முதலாகக் கண்டார். அது ஐரோப்பிய விதைக்கிழங்குடன் வந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. அன்று முதல் மாற்றுப்பயிர், எதிர்ப்பு வகைகள், மருந்து என்று பலவாறு முயன்றும் நீலகிரி மண்ணிலிருந்து அதனை முற்றிலும் ஒழிக்க முடியவில்லை. இமாலயப் பகுதிகளிலும் அது காணப்பட்டதால், 2018இல் அப்பகுதிகளின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. மண்ணில் கலந்த ஒரு சிறு கூட்டின் விலையை உழவர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்த வேண்டியுள்ளது.

சட்டம் கூறுவது

இத்தகைய கேடுகளைத் தடுப்பதற்கென 1914இல் அழிவு தரும் பூச்சிகள், பீடைகள் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 2003இல் வெளியிடப்பெற்ற தாவரத் தொற்றுத்தடை ஆணை இறக்குமதியை ஒழுங்குபடுத்துகிறது. உலக நாடுகளின் உடன்பாடாகிய பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1951இல் உருவானது. இவற்றின்படி, நடுவதற்கான கிழங்கைக் கொண்டுவர விரும்புவோர் கருத்திற் கொள்ள வேண்டியவை வருமாறு:

1. வாங்குவதற்கு முன்னரே இந்திய அரசின் இறக்குமதி அனுமதி பெறுதல் வேண்டும்.

2. ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு வழங்கிய தாவர நலச் சான்றிதழ் உடன் வருதல் வேண்டும். கடைக்காரர் தரும் ரசீது சான்றிதழ் ஆகாது. வேறு நாட்டுப் பயணிகளுக்கெனச் சோதித்து ஒட்டிய முத்திரையும் இந்தியாவிற்குச் செல்லாது.

3. கிழங்கில் மண் ஒட்டியிருத்தல் கூடாது.

4. நடுபொருளுக்கென அறிவிக்கப்பெற்ற நுழைவிடத்தின் வழியே வந்து, சுங்க அதிகாரியிடம் தாமாகவே தெரிவித்து, தாவரத் தொற்றுத்தடை நிலையத்தின் சோதனைக்கு உட்படுத்துதல் வேண்டும்.

இவ்விதிகளுக்கு மாறாக வரும் கிழங்குகள் திருப்பி அனுப்பப்பெறலாம், அழிக்கவும் பெறலாம். பனித்துளி மலர் எனப்படும் கலாந்தஸ் போன்ற சில கிழங்குகளுக்கு, அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாடும் உண்டு.

முறையான வழி அடைபட்டதன்று. ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் அமைந்த துலிப் தோட்டத்திற்கு நெதர்லாந்திலிருந்து கிழங்குகள் வந்தன. பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் துலிப் கிழங்குகளை உள்நாட்டிலேயே பெருக்கும் பணியை மேற்கொண்டுள்ளது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

முதலாவதாக, பயணத்திற்கு முன்னரே எடுத்துரைத்தல் நன்று. துலிப் பூப்பதற்குச் சுமார் 12 முதல் 16 வாரக் குளிர் தேவை. வெப்பமான சமவெளியில் நட்ட கிழங்கு பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். ஒருமுறை பூத்தாலும் மறு ஆண்டு பூப்பதரிது. இடர் பெரிது, பயன் சிறிது என்பதை மக்கள் எளிதில் உணர்வர்.

இரண்டாவதாக, அனுமதியின்றி வந்த கிழங்கு ஒரு வீட்டில் இருப்பதாக அறிந்தால், உரியவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை, அஞ்சியவர் மறைத்துவிடுவர். நட வேண்டாம், பிறருக்குப் பகிர வேண்டாம், குப்பைக்குழியில் எறிய வேண்டாம் என்று அறிவுறுத்தி, அதனைப் பையிலிட்டு நன்கு கட்டி, அண்மையிலுள்ள வேளாண்மை அலுவலருக்கோ தாவரத் தொற்றுத்தடை நிலையத்திற்கோ தெரிவிக்கச் செய்தல் வேண்டும். நட்டாகிவிட்டதெனின், செடியைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் பிற பாத்திகளுக்குச் செல்லவிடாது காத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, பள்ளிகளில் வெங்காயத்தை அறுத்துக் காட்டும் பாடத்தோடு இச்செய்தியையும் இணைக்கலாம். அழகுக்கெனக் கொண்டுவரப்பெற்ற ஆகாயத்தாமரை ஏரிகளையும், உண்ணிச்செடி காடுகளையும் மூடிய வரலாறு மாணவர் கண்ணெதிரிலேயே உள்ளது. அவர்கள் வளர்ப்பதற்கு நிலச்சம்பங்கி, கிளாடியோலஸ், மழைலில்லி முதலிய கிழங்குகள் உள்நாட்டு நாற்றுப்பண்ணைகளிலேயே கிடைக்கின்றன. பயணத்தின் நினைவாக வயலின் படம் ஒன்று போதும். கிழங்கு வேண்டுமெனின், அனுமதியும் சான்றிதழும் பெற்று வருவதே தகும்.