விவசாயியின் வயலில் ஊராரின் பாதை!

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் உள்ள ஈடேல் கிராமத்து ரயில் நிலையம். மான்செஸ்டரிலிருந்து வந்த ரயிலில் இருந்து தாத்தா, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று ஒரு குடும்பம் இறங்குகிறது. காலில் கனத்த பூட்ஸ், முதுகுப் பையில் மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நடந்துகொண்டிருப்பது, முன்பின் தெரியாத ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள். அவர்கள் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

நிலம் விவசாயிக்குச் சொந்தம். ஆனால், அதன் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொதுப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்புக்குறி என்றால் குதிரையிலும் சைக்கிளிலும் போகலாம்.

நடந்து நடந்து உண்டான உரிமை

தேவாலயம், மாவு மில், சந்தை, பக்கத்து ஊர் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்ததால் உண்டான தடங்கள்தான் இவற்றில் பல. 1949-ம் ஆண்டுச் சட்டம், இந்தப் பாதைகளை அளந்து வரைபடத்தில் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. ஒரு தடத்தைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, யாரிடமும் அனுமதி பெறாமல் பயன்படுத்தி வந்தால், அதைப் பொதுப்பாதையாக அறிவிக்கக் கோரலாம். புதுப்பாதை உருவாவதை விரும்பாத நிலச் சொந்தக்காரர்கள், நில வரைபடத்துடன் உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே உறுதிமொழி தாக்கல் செய்துவிடுகிறார்கள்.

ஆனால், மலைமேட்டுத் தரிசுகளில் இந்த உரிமை எளிதில் கிடைக்கவில்லை. ஈடேலை ஒட்டிய கிண்டர் ஸ்கவுட் மேடு, பணக்காரர்கள் பறவை வேட்டையாடும் இடமாக அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மேன் என்ற 20 வயது இளைஞர் தலைமையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி மேலே ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பதிவு செய்யப்பட்ட திறந்தவெளி மேடுகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை, 2000-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

உழலாம்... ஆனால், பாதை திரும்ப வேண்டும்!

வயலில் பாதை போகிறது என்பதற்காக விவசாயம் நிற்பதில்லை. வயலின் நடுவே போகும் நடைபாதையை, வேறு வழியில்லை என்றால் உழலாம். விதைப்புக்காக முதல்முறை உழுதால் 14 நாள்களுக்குள்ளும், அடுத்தடுத்த வேலைகளுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் பாதையைச் சமன்செய்து, தடம் தெரியும்படி விட வேண்டும். குறைந்தபட்ச அகலம் 1 மீட்டர். வயல் ஓரமாகப் போகும் நடைபாதை என்றால் ஒன்றரை மீட்டர். அதை உழவே கூடாது. கோதுமையோ மக்காச்சோளமோ பாதையில் வளர்ந்து மறைக்கவும் கூடாது.

வேலியைத் தாண்டும் படிகளையும் கதவுகளையும் பராமரிப்பது நிலச் சொந்தக்காரர் பொறுப்பு. செலவில் குறைந்தது கால் பங்கை உள்ளாட்சியிடம் கேட்டு வாங்கலாம்.

காளைக்கும் விதி உண்டு. ஜெர்சி, ப்ரீசியன் போன்ற கறவை இனக் காளைகளுக்கு 10 மாத வயதுக்கு மேல் ஆகிவிட்டால், பொதுப்பாதை உள்ள வயலில் விடக்கூடாது. கறவை இனக் காளைகள் அதிக மூர்க்கமானவை என்பதே காரணம். மற்ற இனக் காளைகளைப் பசுக்களோடு சேர்த்துத்தான் விடலாம்.

நாய் கயிற்றில் இருக்கட்டும்

நடப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பாதையில் கடந்து போகத்தான் உரிமை. வயல் முழுக்கச் சுற்ற அல்ல. ஈடேல் குடும்பம் வைக்கோல் புல் வயலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நடக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் குளிர்காலத் தீவனம் மிதிபட்டு வீணாகும். குட்டி போட்ட ஆடுகள் மேயும் வயல் வந்ததும், அப்பா நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்கிறார்.

கடிக்க வேண்டும் என்பதில்லை. நாய் துரத்தினாலே சினை ஆடு குட்டியை வீசிவிடும். ஆடுகளைத் துரத்தவிடும் நாயின் உரிமையாளர் 1953-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி. வேறு வழியில்லாத நிலையில், மந்தையைக் காக்க விவசாயி நாயைச் சுட்டால், 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நாய்க் கழிவாலும் ஆபத்துதான். அதிலிருந்து பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும். அதனால் கழிவைப் பையில் அள்ளி எடுத்துப் போகிறார்கள்.

கன்றோடு நிற்கும் பசு துரத்தினால் மட்டும் விதி தலைகீழ். நாயை உடனே அவிழ்த்துவிட வேண்டும். பசுவின் கோபம் பெரும்பாலும் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பிவிடும். பிடித்துக்கொண்டிருந்தால் மிதிபடுவது மனிதர்தான்.

பப்பில் முடியும் நடை

மதியம் குடும்பம் ஊருக்குத் திரும்பி, 'ஓல்டு நாக்ஸ் ஹெட்' என்ற பப்பில் உட்காருகிறது. 1965-ல் திறக்கப்பட்ட, சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள 'பென்னைன் வே' நெடும்நடைப் பாதை இந்த வாசலருகேதான் தொடங்குகிறது. பப் என்றால் மது மட்டுமல்ல; குடும்பத்தோடு சாப்பிடும் இடமும்கூட. தாத்தாவுக்கு ஒரு கிளாஸ் பீர், பிள்ளைகளுக்கு லெமனேட், எல்லோருக்கும் வறுத்த இறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்போடு ஞாயிறு விருந்து. நாய் மேசைக்கடியில் படுத்துக்கொள்கிறது.

இப்படி வருபவர்களை நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் தேநீர்க்கடையும் கூடாரத் திடலும் தங்கும் அறைகளும் நடக்கின்றன. இவற்றில் சில, ஆடு வளர்ப்பவர்களே நடத்துபவை. ஆனால், பாதை செல்லும் எல்லா விவசாயிகளுக்கும் இந்த வருமானம் கிடைப்பதில்லை. பாதைக்கு வாடகையும் கிடையாது. நடப்பவர்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும். ஒரு கதவு தவறினால் ஆடுகள் பக்கத்து மந்தையில் கலந்துவிடும். பிரித்தெடுக்க ஒரு நாள் போய்விடும்.

மாலை ரயிலில் குடும்பம் ஊர் திரும்புகிறது. அந்நேரம் விவசாயி, வயல் வயலாகப் போய்க் கதவுகளைப் பார்த்து, குட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.