பொனேர்: ஒரு பவளக்கரையின் வரவு செலவு

பொனேர் தீவின் நிலப்பரப்பு 288 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிக் காவலில் இருக்கும் கடல் பூங்கா வெறும் 27 சதுர கிலோமீட்டர், அதாவது 2,700 ஹெக்டேர். கரையில் அலை ஏறி நிற்கும் கோட்டில் தொடங்கி, 60 மீட்டர் ஆழத்தைத் தொட்டதும் முடிந்துவிடும் ஒரு மெல்லிய விளிம்பு அது. கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவு 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 முதல் அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். 57 வகைப் பவளங்களும் 350க்கு மேற்பட்ட மீன் வகைகளும் அந்த விளிம்புக்குள் இருக்கின்றன. தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வருவது அதற்காகத்தான். அப்படியானால் அந்த விளிம்பைக் கணக்கேட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு தருகிறது, அதைக் காக்க எவ்வளவு ஆகிறது, அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள்?

முதலில் இடங்கள். ஆண்டு முழுவதும் காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வோர் இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு, முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு அப்படியே இறங்கிவிடலாம். பல இடங்களில் படகே வேண்டியதில்லை. கரையிலிருந்து சில பத்து மீட்டர் நீந்தினால் பவளம் தொடங்கிவிடுகிறது. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் தரை சட்டென்று சரியும். ஸ்கூபாக்காரர் அந்தச் சரிவில் இறங்கிப் போவார். மேற்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்காரருக்கு உரியது சரிவுக்கு முன்னால் இருக்கும் மேட்டுத்தளம். இந்தப் பாகுபாடு கணக்கில் பிறகு பெரிய இடம் பிடிக்கும்.

வடமேற்கில் ‘ஆயிரம் படிகள்’ என்றொரு இடம். உண்மையில் சுண்ணாம்புப் பாறையில் வெட்டியவை எழுபது படிகள் அளவில்தான் இருக்கும். காற்றுக் கலத்தை முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்கு அவை ஆயிரமாகத் தோன்றும் என்பதால் வந்த பெயர். முகமூடி மட்டும் கையில் இருப்பவருக்கு அது சுமையே இல்லை. தெற்கே உப்பளத்தின் ஏற்றுமதித் துறை. இரும்புத் தூண்களில் பவளமும் கடற்பஞ்சும் மண்டி, நிழலில் மீன்கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கப்பல் கட்டியிருக்கும் நாளில் இறங்கக் கூடாது. கிழக்குக் கரையில் அலை முரட்டுத்தனமானது. அங்கே பாதுகாப்பாக இறங்கத்தக்க பெரிய இடம் லாக் விரிகுடா. 700 ஹெக்டேர் பரப்பில் கடற்புல்லும் அலையாத்திக் காடும். மேற்குக் கரையில் பெரிதாகத் திரியும் மீன்கள் பல குஞ்சாக வளர்ந்தது இங்கேதான் என்பதால், இந்த நீரைப் பூங்காவுக்குள் சேர்த்தது மிகச் சரியான முடிவு.

என் பார்வையில் எல்லாவற்றிலும் மேலானது எதிரே இருக்கும் க்ளைன் பொனேர். 6 சதுர கிலோமீட்டர், ஆளில்லாத தட்டைத் தீவு. மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர்தான். பெரிய தீவிலிருந்து 800 மீட்டர் தொலைவு. கிராலென்டைக் நகரிலிருந்து படகு போகிறது. படகு ஒரு முனையில் இறக்கிவிட்டால் நீரோட்டமே கரையோரமாக இழுத்துக்கொண்டு போகும். காலை அடிக்கக்கூட வேண்டியதில்லை. அதன் ‘பெயரில்லாக் கடற்கரை’யில் அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் முட்டையிடுகின்றன. 1868 முதல் 1999 வரை, 131 ஆண்டுகள் இந்தத் தீவு தனியார் சொத்து. விடுதிகள் எழும்பியிருக்கக் கூடிய இடம். பொனேர் மக்கள் எதிர்த்து நின்று, அதைத் திரும்ப விலைக்கு வாங்கவைத்தார்கள். இன்று அங்கே ஒரு விடுதிகூட இல்லை. கணக்கேட்டின் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்ட தொகைகளில் இதைவிட நல்ல பலன் தந்தது வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனிக் காவலின் கதை. 1961-ல் ஆமை முட்டைகளுக்குப் பாதுகாப்பு, 1971-ல் ஈட்டித் துப்பாக்கிக்குத் தடை, 1975-ல் பவளம் உடைத்தெடுக்கத் தடை. பூங்கா பிறந்தது 1979-ல், உலக வனவிலங்கு நிதியத்தின் நெதர்லாந்துக் கிளை கொடுத்த பணத்தில். நங்கூரம் போடுவது தடைசெய்யப்பட்டு, படகுகளைக் கட்ட நிலையான மிதவைகள் வைக்கப்பட்டன. ஆனால் எண்பதுகளின் நடுவில் பணம் தீர்ந்தது. சட்டம் இருந்தது, ஆள் இல்லை. ஆண்டுக்காண்டு பயணிகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் பார்க்க வந்த பொருளுக்குக் காவலாளி கிடையாது. 1991-ல் நெதர்லாந்து அரசு மீண்டும் உதவியது, ஒரு நிபந்தனையோடு: சில ஆண்டுகளுக்குள் பூங்கா தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில்தான் உலக வங்கியின் பொருளியலாளர் ஜான் டிக்சனும், லூயிஸ் ஸ்குராவும், பூங்காவை ஆரம்பத்தில் உருவாக்கிய டாம் வான்ட் ஹாஃபும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். 1993-ல் வெளியான அந்த ஆய்வின் எண்கள் இன்றும் படிக்கத் தக்கவை. பூங்காவை நிறுவி, ஆரம்பத்தில் நடத்தி, பிறகு புதுப்பித்த மொத்தச் செலவு 5,18,000 டாலர். அதன்பின் ஆண்டுச் செலவு சுமார் 1,50,000 டாலர். எதிர்ப்பக்கத்தில், கடலுக்குள் இறங்குகிற சுற்றுலாவால் 1991-ல் தீவுக்கு வந்த மொத்த வருவாய் 2 கோடியே 32 லட்சம் டாலர்.

வகுத்துப் பாருங்கள். நூறு டாலர் வரவுக்குக் காவல் செலவு 65 சென்ட். ஹெக்டேர் கணக்கில், ஆண்டுக்கு 56 டாலருக்கும் குறைவு. அதே ஆண்டில் இந்தச் சுற்றுலாவிலிருந்து அரசுக்குப் போன வரியே 3,40,000 டாலர். காவல் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு சிறிய தொகை இல்லாமல்தான் அந்தப் பூங்கா ஆண்டுக்கணக்கில் தாளில் மட்டும் கிடந்தது. தீவு ஏழையாக இருந்ததால் நேர்ந்ததல்ல இது. கடலின் வருவாய் விடுதிக்கும் விமானத்துக்கும் கடைக்கும் போனது. கடலுக்குத் திரும்பி வர வழி வைக்கவில்லை.

1992-ல் வழி வைத்தார்கள். ஸ்கூபாக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 டாலர். கொடுப்பார்களா என்று தொழில்காரர்கள் அஞ்சினார்கள். கேட்டுப் பார்த்ததில் 92% பேர் கட்டணம் நியாயமானது, 10 டாலர் தருகிறோம் என்றார்கள். 20 டாலரும் தரத் தயாராக இருந்தவர்கள் சுமார் 80%. 30 டாலருக்கும் 48% பேர் தலையசைத்தார்கள். சராசரி 27.40 டாலர். அப்போது கணக்கில் கொண்ட ஸ்கூபாக்காரர் எண்ணிக்கை 18,700. ஆளுக்குப் பத்து டாலர் என்றால் 1,87,000 டாலர். ஆண்டுச் செலவு முழுதும் அடங்கிவிடுகிறது. ஆளுக்கு 17.40 டாலர், மொத்தம் 3,25,380 டாலர், தர மனமிருந்தும் கேட்கப்படாமல் அவர்கள் பையிலேயே இருந்தது.

அதன்பின் கட்டணம் நகர்ந்த பாதை இது. ஆண்டு, ஸ்கூபா, ஸ்நார்கெலிங் என்ற வரிசையில், டாலரில்:

1992: 10, இல்லை
2005: 25, 10
2019: 45, 25
2023: 40, 40

முதல் 13 ஆண்டுகள் ஸ்நார்கெலிங்காரர் எதுவும் கொடுக்கவில்லை. பிறகு ஸ்கூபாக்காரர் கொடுத்ததில் 40%, அடுத்து 56%, கடைசியில்தான் சமம். மூச்சுக்குழலோடு மேலே மிதக்கிறவர் எதைக் கெடுத்துவிடப் போகிறார் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இது தவறான எண்ணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஸ்கூபாக்காரருக்குப் பயிற்சிச் சான்றிதழ் உண்டு. பொனேரில் முதல் நாள் பூங்கா விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை முங்கலும் முடித்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக முடியும். கையுறை கூடாது என்பதுவரை அவருக்கு விதி இருக்கிறது. முகமூடிக்காரர் சாலையிலிருந்து நேரே தண்ணீருக்குள் போகிறார். கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால், நீச்சல் சரியாக வராதவர் நிமிர்ந்து நிற்கத்தான் பார்ப்பார். நெஞ்சளவு ஆழத்தில் கால் ஊன்றக் கிடைப்பது பல நேரம் பவளம்.

மூளைப்பவளம் போன்ற உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்றை மிதித்துச் சாகடித்தால், கழித்துக்கொள்ள வேண்டியது முப்பது ஆண்டுகளுக்கு மேல். கடமான்கொம்புப் பவளம் வேகமாக வளரும் இனம்; ஆண்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர். ஆனாலும் துடுப்புக் காலணி பட்டு அரை மீட்டர்க் கிளை ஒடிந்தால், ஐந்து முதல் பத்து ஆண்டு போயிற்று. இந்த இனம் வாழ்வதே அலை புரளும் ஆழமற்ற மேட்டுத்தளத்தில், முகமூடிக்காரரின் கண்ணெதிரில். 1980 வாக்கில் கரீபியன் எங்கும் பரவிய வெண்பட்டை நோயில் இதுவும் மான்கொம்புப் பவளமும் பெரும்பகுதி அழிந்துபோயின. மிஞ்சியதும், மீட்புக் குழுவினர் நாற்றாக வளர்த்து நடுவதுமே இன்று இருப்பு.

எண்ணிக்கைக் கணக்கிலும் இதே ஓட்டை இருக்கிறது. 1993 ஆய்வு ஒவ்வோர் இடமும் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முங்கல்களைத்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் பவளப் பரப்பு குறைகிறது என்றது. 86 இடங்களை 4,500ஆல் பெருக்கினால் 3,87,000. எல்லோரும் நகருக்கு அருகிலுள்ள வசதியான இடங்களிலேயே குவிவதால் அதைப் பாதியாக்கி, 1,90,000 முதல் 2,00,000 என்று வரம்பு சொன்னார்கள். பாதியாக்கிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணப்பட்டது ஸ்கூபா முங்கல் மட்டும்.

2019-ல் விமானத்தில் வந்து தங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சொகுசுக் கப்பலில் வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போனவர்கள் நாலரை லட்சம் அளவில். ஒரு பகல் மட்டும் இருப்பவர் ஸ்கூபா பழகப் போவதில்லை. வாடகை முகமூடியோடு இறங்குவார். பத்தில் ஒருவர் அப்படி இறங்குவதாக வைத்துக்கொண்டால் 45,000 பேர். அவர்கள் பத்து இடங்களுக்குள் பகிர்ந்து போனால் ஓர் இடத்துக்கு 4,500. பத்தில் ஒருவர் என்பது என் ஊகம்தான். ஆனாலும் அந்த எண் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இழப்புப் பத்தியில் பயணிகளைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1983-84ல் நீண்ட முள் கொண்ட கடல்முள்ளெலிகள் கரீபியன் முழுவதும் கூட்டமாக மடிந்தன. பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தவை அவை. அந்த வேலை கிளிமீன்கள் தலையில் விழுந்ததால், 2010-ல் கிளிமீன் பிடிக்கத் தடை வந்தது. 1999 நவம்பரில் லென்னி சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து நகர்ந்து, அமைதியான கரையையே அடித்து நொறுக்கியது. 2010-ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது சுமார் பத்தில் ஒரு பங்கு செத்தது. 2023 மார்ச்சில் கல்பவளத் திசு இழப்பு நோய் வந்தது. 2014-ல் ஃப்ளோரிடாவில் முதலில் காணப்பட்ட இந்த நோய், பல நூற்றாண்டு வளர்ந்த உருண்டைப் பவளத்தைச் சில வாரங்களில் தின்றுவிடும். நனைந்த உடுப்பிலும் கருவியிலும் ஒட்டிப் பரவக்கூடும் என்பதால், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போகுமுன் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் கழுவச் சொல்கிறார்கள். முகமூடிக்கும் துடுப்புக் காலணிக்கும் இது பொருந்தும்.

இந்த இழப்புகளுக்கு விலை போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பொனேரின் இயற்கை முழுவதுக்கும், நிலமும் நீரும் சேர்த்து, ஆண்டுக்கு 10 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்பு கண்டார்கள். எதுவும் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டில் அது 6 கோடியாகும், முப்பது ஆண்டில் 4 கோடிக்கும் கீழே போகும் என்றார்கள். ஆண்டுக்கு நாலரைக் கோடி டாலர் இழப்பு, பத்தே ஆண்டில்.

2022 ஜூலை முதல் வெளிநாட்டுப் பயணி தீவில் காலடி வைக்க அரசுக்குக் கொடுப்பது 75 டாலர். கடலுக்குள் இறங்கக் கொடுப்பது 40. இரண்டாவது தொகை, பூங்காவை நடத்தும் ஸ்டினாபா அறக்கட்டளைக்கு நேரே போகிறது. அதே சீட்டில் வடக்கே 1969-ல் அமைந்த வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குள்ளும் போகலாம். இரண்டு வாரம் தங்கி, நாளுக்கு இருமுறை கடலில் இறங்குபவருக்கு ஒரு முறைக்கு 1.43 டாலர். இதைவிட அதிகமாகவே கேட்கலாம்.

கட்டணம் சமமாகிவிட்டது, எண்ணிக்கையும் சமமாக வேண்டும். எந்த இடத்தில் எத்தனை முகமூடி இறங்கியது என்று இடவாரியாக எண்ணி, ஸ்கூபாவுக்குச் செய்ததைப் போலவே மேட்டுத்தளத்துக்கும் ஒரு தாங்கு எல்லை குறிக்க வேண்டும். தொடங்க ஏற்ற இடம் க்ளைன் பொனேர். அங்கே போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் படகில்தான் போகிறார்கள். எத்தனை தலை ஏறியது என்பது படகுக்காரருக்குத் தெரியும். அந்த எண்ணை நாள்தோறும் பூங்காவிடம் ஒப்படைப்பதைப் படகு உரிமத்தின் நிபந்தனையாக்கினால் போதும்.