உலையும் ஏடும்

மாணவர் உடனுறைந்து கற்கும் பள்ளிக்கு ஆசிரியரும் நூலும் மட்டும் போதா. நாள்தோறும் உலை ஏற வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் (கி.பி. 1012-1044) இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தான். அவன் ஆணைப்படி எண்ணாயிரம் என்னும் ஊரின் சபையார் நடத்திய கல்லூரியின் ஒழுங்கை அவ்வூர்க் கல்வெட்டு விளக்குகின்றது.

அங்கே ஆசிரியர் 14 பேர். மாணாக்கர் 340 பேர். வேதம் முதலியன ஓதிய இளையோர் 270 பேருக்கும் நாளொன்றுக்குத் தலைக்கு 6 நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் கற்ற மூத்தோர் 70 பேருக்கும் 10 நாழி. இலக்கண ஆசிரியர் நெல்லோடு, அத்தியாயம் ஒன்றுக்கு 1 கழஞ்சு பொன்னும் பெற்றார். ஓராண்டுச் செலவு 10,506 கலம் நெல்லும் 61½ கழஞ்சு பொன்னும் ஆம். இதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டது. வயல் விளையுங்காறும் பள்ளி பிறர் கையை நோக்க வேண்டுவதில்லை.

எனினும், அங்கே கற்றோர் வேதம் ஓதும் மரபினராகிய ஆடவரே. பெண்டிர்க்கு அத்தகைய உறைவிடம் வாய்க்க நெடுங்காலம் சென்றது. அதற்கு உழைத்தோருள் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர் 1912-ஆம் ஆண்டில் சென்னையில் இளங் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். நிலமானியம் இல்லை, அரசின் உதவித்தொகையும் நல்லோர் நன்கொடையுமே துணை. சிற்றன்னையார் வாலாம்பாள் இல்லப் பொறுப்பை ஏற்றார். அங்கு உண்டு உறைந்து பயின்ற பெண்கள் பலர் ஆசிரியைகளாயினர். உலையும் ஏடும் ஓரிடத்தே கூடவே, வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தோர் வகுப்பில் முன்னின்று கற்பிக்கலாயினர்.