உங்களுக்குத் தெரியுமா?

பத்துப் பேர்கூட வேலை பார்க்காத கடையில், முதலாளியே பெண்ணிடம் தவறாக நடந்தாலும் புகார் கொடுக்க இடம் உண்டு. கலெக்டர் பொறுப்பில் மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

● கீழப்பாவூர் போன்ற ஒவ்வொரு ஒன்றியத்திலும் புகாரை வாங்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட வேண்டும். வாங்கிய புகாரை 7 நாளுக்குள் அவர் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். விவரத்தைத் தென்காசி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.

● சுற்றிய பீடியைச் சுளகோடு கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்கிற கடை, சமையலுக்குப் போகிற வீடு, முதலாளி அனுப்பும் வேன்: எல்லாமே சட்டப்படி பணியிடம்தான். தினக்கூலியோ, கான்ட்ராக்டர் மூலம் வந்தவரோ, எந்தப் பெண்ணும் புகார் தரலாம்.

● எழுத வராதா? எழுத உதவுவது குழுவின் கடமை. கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதம் கெடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது.

● பாலியல் வல்லுறவு என்றால் அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்; 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

● பெண்கள் உதவிக்கு 181. அவசரத்துக்கு 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.