பழஞ்சாமானுக்குப் பிறப்புச் சான்றிதழ்

ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட்டில் காலையிலேயே பாய் விரித்துவிடுவார்கள். விக்டோரியா ராணியின் தலை பொறித்த ஒரு சென்ட் காசு, வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் காலத்துப் பத்து டாலர் நோட்டு, விளிம்பு உதிர்ந்த மங்குத் தட்டு, பித்தளைச் செம்பு, போன வருஷத்துக் கைப்பேசியின் சார்ஜர் எல்லாம் ஒரே பாயில் கிடக்கும். "எவ்வளவு?" என்று கேட்டால் "பத்து வெள்ளி" என்பார். எட்டு வெள்ளிக்கு முடியும். பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

ரோப் வாக்கில் பழைய சாமான் கடைகள் வரிசை கட்டி நின்ற காலத்திலும் இதுதான் நடைமுறை. உண்மையைச் சொன்னால், உலகத்தின் பெரிய ஏலக் கூடங்களிலும் ஐம்பது வருஷத்துக்கு முன்பு இதே நடைமுறைதான். அங்கே பாய்க்குப் பதில் வெல்வெட் துணி, எட்டு வெள்ளிக்குப் பதில் எட்டு லட்சம் டாலர். கேள்வி அன்று ஒன்றே ஒன்று: "அசலா, போலியா?" இன்று அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது: "எங்கிருந்து, எப்போது, யார் கையால் வந்தது?"

பினாங்கில் பழம்பொருள் பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, நகரத்தின் உள்ளே இருந்த கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் சொற்ப வாடகையில் வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு போயிற்று. வீடுகள் காலியாயின. பரணில் இருந்தவை தெருவுக்கு வந்தன. பாட்டியின் திருமணப் பீங்கான், முத்துச்சிப்பி பதித்த கருங்காலி நாற்காலி, கடை முகப்பின் தங்கமுலாம் பூசிய பலகை எல்லாம் சல்லிசாகக் கைமாறின. அப்போது சேர்த்தவர்கள் புத்திசாலிகள். சர்ச் தெருவின் பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் இன்று காசு கொடுத்துப் பார்க்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஒரு தனியார் சேகரிப்புதான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தபின் எல்லாவற்றின் விலையும் ஏறியது. விற்று முடித்த வீடுகளுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

இவை நூறு, நூற்றைம்பது வயதுப் பொருள்கள். ஆயிரம் வயதுப் பொருளுக்கு நீரிணையைத் தாண்டிப் போக வேண்டும். வானம் தெளிந்த நாளில் பினாங்கிலிருந்து வடக்கே பார்த்தால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழர் வாயில் கடாரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் கல்வெட்டை 1834இல் கண்டெடுத்தவர் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கல் கல்கத்தாவுக்குப் போயிற்று. இன்றும் அங்கே இந்திய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் 1930களில் தோண்டிய கற்கால மனிதரின் எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயின. அதே லெய்டனுக்குத்தான், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை இராசராசன் கொடையாக விட்ட செப்பேடுகளும் போய்ச் சேர்ந்தன. கடலின் இரு கரைச் சான்றுகளும் ஓர் ஐரோப்பிய ஊருக்கு! எடுத்தவர் எடுத்தார்.

விகாரத்தின் மீதமிருந்த கோபுரத்தை 1867இல் ஏசு சபைப் பாதிரிமார் இடித்தார்கள். 1856இல் தொடங்கி 1930கள் வரை நாகப்பட்டினத்து மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்தில் தங்கியவை போக, மற்றவை உலகின் பல அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் சிதறின. அந்த நாகப்பட்டினத்திலிருந்துதான் ரஜூலா கப்பல் பினாங்குக்கு ஆள் ஏற்றி வந்தது. அதன்பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்த வழியும் நின்றது. கப்பலில் வந்த டிரங்குப் பெட்டிகளில் குத்துவிளக்கும் ஈயச்சொம்பும் வந்தன. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகள் வேறு கப்பலில், வேறு திசைக்குப் போயின.

மலேசியா சம்பந்தப்பட்ட ஏலங்களில் மறக்கமுடியாதது டயானா கப்பலின் சரக்கு. சீனத்துக் காண்டனிலிருந்து பீங்கான் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய கப்பல் அது. 1817 மார்ச்சில் மலாக்காவுக்கு அருகே மூழ்கியது. கரை சேர்ந்திருந்தால் அந்தத் தட்டுகளில் சென்னை வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டு, உடைத்து, குப்பையில் போட்டிருப்பார்கள். மூழ்கியதால் பிழைத்தன. 1991இல் மலேசிய அரசு ஒரு மீட்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. நிறுவனம் தன் செலவில் தேட வேண்டும், கிடைத்தால் விற்ற பணத்தில் பங்கு. நீலமும் வெள்ளையுமாகச் சுமார் 24,000 பீங்கான்கள் மேலே வந்தன. 1995 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. கிடைத்தது ஏறத்தாழ 29 லட்சத்து 80 ஆயிரம் அமெரிக்க டாலர்.

பிறகு வந்தது வழக்கு. தனக்கு 70 விழுக்காடு சேர வேண்டும், கிடைத்ததோ 40 என்றது நிறுவனம். ஏலத்துக்கு விடாமல் அரசு தன்னிடமே வைத்துக்கொண்ட பொருள்களின் மதிப்பிலும் பங்கு கேட்டது. விவகாரம் உலக வங்கியைச் சேர்ந்த நடுவர் மன்றம் வரை போனது. மூழ்கிய கப்பலைத் தூக்குவது 'முதலீடு' ஆகாது என்று 2007இல் தீர்ப்பு வந்தது. 2009இல் மேல்குழு அதை ரத்து செய்தது. முதலீட்டுச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்த வழக்கை மனப்பாடம் செய்கிறார்கள். பீங்கானைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு நாட்டு அரசே தன் கடலில் கிடைத்த சரக்கை வெளிநாட்டு ஏலக்காரரிடம் கொடுத்து, பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டது அன்று யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. இன்று அந்த யோசனையை எழுப்பிப் பாருங்கள், பத்திரிகைகள் கிழித்துவிடும். 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம், 1976இன் தொல்பொருள் சட்டத்தையும் 1957இன் புதையல் சட்டத்தையும் நீக்கிவிட்டு வந்தது. கடலடிப் பாரம்பரியத்துக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. பாரம்பரியப் பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக உரிமம் வேண்டும். ஆனால் டயானாவின் தட்டுக்கு இன்றைய சந்தையில் தனி மரியாதை. எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த ஏலம், எந்த எண் என்று சொல்ல அதற்குச் சீட்டு இருக்கிறது. பிறந்த தேதி தெரிந்த தட்டு.

இந்தச் சீட்டுக்கு மதிப்பு ஏற்றியதில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1973இல் சிவபுரம் நடராசரை அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். அது கடத்தி வந்த சிலை என்பது பகிரங்கமானபோதும் உடனே திரும்பவில்லை, 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தூர் நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் இடிந்துபோன கோயிலே வழக்காடியது. 1991இல் சிலை திரும்பியது. அடுத்தது ஸ்ரீபுரந்தான் நடராசர். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது சீட்டெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் போலிச் சீட்டு. சிலை கோயிலுக்குள்ளேயே நின்றதைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் காட்டிக்கொடுத்தது. 2014இல் நடராசர் வீடு திரும்பினார். கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

சிங்கப்பூரில் கப்பல் தொழிலில் இருந்துகொண்டே எஸ். விஜய்குமார் போன்ற தமிழர்கள் ஏலப் பட்டியலையும் கோயில் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மூக்கு நுனியின் தேய்மானம், பீடத்தின் வெட்டு, பழைய பழுதுபார்ப்பின் வடு ஆகியவைதான் அடையாளம். ஏலக்காரர்கள் பயந்தது போலீசுக்கு அல்ல, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் என்பது என் எண்ணம். 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வரவிருந்த, புத்தரின் அஸ்தியோடு கிடைத்த பிப்ரவா மணிகளை இந்திய அரசின் எதிர்ப்புக்குப் பிறகு சாத்பீஸ் நிறுத்திவைத்தது. ஜூலையில் ஓர் இந்தியத் தொழில் குழுமத்தின் துணையோடு அவை நாடு திரும்பின. அவற்றுக்குப் பொய்ச் சீட்டு எதுவும் இல்லை. 1898இல் தோண்டியவர் பெயரே ஊரறிந்தது. சீட்டு சுத்தமாக இருந்தும் கேள்வி எழுந்தது என்பதுதான் புதுசு.

பினாங்கின் சாதாரணச் சேகரிப்பாளர் வேறு திசையில் மாறிவிட்டார். கைப்பேசியில் ஏலம் கேட்கிறார். காசை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கி, பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்து வாங்குகிறார், விற்கிறார். பழங்காசை விரலால் சுண்டிப் பார்க்கும் சுகம் போயிற்று. போலி குறைந்ததும் உண்மை. ஆனாலும் எண்ணை வாங்குகிறார்களா, காசை வாங்குகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

விலை போகாத பழம்பொருளின் கதி என்ன என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில் பதினோராம் எண் சண்டி என்ற கோயிலின் அடித்தளம் இருந்தது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற தொல்லியலாளர் எண் போட்டு ஏட்டில் ஏற்றியிருந்தார். ஆக, அதற்கும் சீட்டு இருந்தது. சற்றுத் தள்ளி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பழைய இரும்பு உலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 2013இல் வீடமைப்பு நிறுவனம் ஒன்று சண்டியை இடித்துத் தள்ளியது. அப்போதைய பினாங்குத் துணை முதலமைச்சர் பி. இராமசாமி சொன்ன பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. நிலம் தனியாருடையது. இடம் பாரம்பரியத் தலமாக அரசிதழில் ஏறியிருக்கவில்லை. செம்பாறைக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் எந்த ஏலத்திலும் விலை கேட்க ஆளில்லை. அதனால் திருடவும் ஆளில்லை, காவல் போடவும் யாருக்கும் தோன்றவில்லை.